அம்மாவின் கால் புண்ணும் ‘ஸ்டெம் செல்’ பேக்கேஜும்

வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்து, அவர் காலில் புண் வந்து ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால், ‘ஸ்டெம் செல் போட்டால் ஆறிடும்’ என்று யாராவது ஒருவர் நிச்சயம் வந்து சொல்வார். ஸ்டெம் செல் என்றால், வேறு செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல். என்னிடமும் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி 1,25,000 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பணம் போய்க்கொண்டிருந்த மாதங்களில் அம்மாவின் கால் இன்னும் மோசமானது. அண்ணன் பஹ்ரைனில் இருக்கிறான், அப்பா இல்லை. ஆஸ்பத்திரி, ஆபீஸ், அடகுக்கடை எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் அலைந்தேன். அப்போது யாராவது என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருக்கலாம் என்று பலமுறை நினைத்து அழுதிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா சென்னை காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். இருட்டோடு எழுந்து ஏலத்துக்குப் போய், சங்கரா, நெத்திலி, கிடைத்தால் வஞ்சிரம் என்று அன்னக்கூடையில் எடுத்துவந்து விற்பார். நாள் முழுக்கக் கால் ஈரத்திலேயே இருக்கும். சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை போடுவார், ஆனால் ரத்தப் பரிசோதனை என்றால் தள்ளிப்போடுவார். ஒருநாள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தோம். வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. “வலியே இல்ல கண்ணு, இதுக்குப் போய் பயப்புடுற” என்றார்.

வலி இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், சுடுதரையில் நின்றாலும் மூளைக்குத் தகவலே போகாது. உங்கள் அம்மாவோ அப்பாவோ ‘புண் இருக்கு, ஆனா வலிக்கல’ என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் வைத்துப் பார்ப்போம், ரெண்டு நாள் போகட்டும் என்று விடாதீர்கள். எங்கள் தெரு கிளினிக்கில் கட்டுப் போட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். வாரம் திரும்புவதற்குள் மேல்பாதம் வீங்கி, சிவந்து, காய்ச்சல் வந்துவிட்டது. ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்து, சீழை எடுத்து, அழுகின சதையை வெட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது உள்ளங்காலில் ஒரு குழியும், மேல்பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறந்த புண்ணும் இருந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் டிரஸ்ஸிங் மட்டும்தான். வீட்டுக்கே ஒருவர் வந்து கட்டு மாற்றினார். பஞ்சு, காஸ், ஆயின்மென்ட், அவருக்குக் கூலி என்று தினமும் 400, 500 ரூபாய் கரைந்தது. புண் அப்படியே இருந்தது. ஓரம் வெளுத்து, நடுவில் மஞ்சள் படலம். அந்த வாடை வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் ‘எடுத்துடுவாங்க போல’ என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ராத்திரி அம்மா என்னை எழுப்பி, “காலை வெட்டிடுவாங்களா கண்ணு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த பயத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் ஸ்டெம் செல் கிளினிக்குகள் விளம்பரம் செய்கின்றன. நகரத்தின் இன்னொரு பக்கத்தில், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். கோட்டு போட்டவர் அம்மாவின் கட்டைப் பிரித்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கவுன்சலர் என்று ஒரு பெண் வந்து, “காலை எடுக்காமக் காப்பாத்தலாம்மா, உங்க உடம்பிலிருக்கிற ஸ்டெம் செல்லே புதுத் தோலை உருவாக்கும்” என்று டேப்லெட்டில் படம் காட்டினார். மொத்தப் பேக்கேஜ் 1,80,000. முன்பணம் கட்டினால் அன்றைக்கே ஆரம்பம். அம்மாவின் வளையலும் என் செயினும் அடகுக்குப் போயின.

அங்கே நடந்தது இதுதான். அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு மெஷினில் சுற்றினார்கள். அரை மணி நேரத்தில் மஞ்சள் நிறத் திரவத்தை ஊசியில் கொண்டுவந்து புண்ணைச் சுற்றிக் குத்தினார்கள். பில்லில் ‘ரீஜெனரேட்டிவ் தெரபி பேக்கேஜ்’ என்று ஒரே ஒரு வரி. என்ன மருந்து, எத்தனை மில்லி, எதுவும் இல்லை. அது ஸ்டெம் செல்லே இல்லை, பிஆர்பி என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ரத்தத்திலிருக்கும் பிளேட்லெட்டுகளைச் செறிவாக்கி எடுப்பது. பிஆர்பி ஒன்றும் போலி வைத்தியம் அல்ல, சில ஆறாத புண்களுக்கு டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை ஸ்டெம் செல் என்று சொல்லி, ஸ்டெம் செல் விலைக்கு விற்றது ஏமாற்று வேலை. அதைவிட என்னால் மன்னிக்க முடியாதது வேறு. அந்தக் கிளினிக்கில் ஒருவர்கூட அம்மாவின் பாதத்தில் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. சர்க்கரை அளவு கேட்கவில்லை. அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா ஊசி போட்டுக்கொண்டு, அதே காலை ஊன்றிப் படியிறங்கி ஆட்டோ ஏறினார்.

புண் சுருங்கவில்லை, உள்ளங்கால் குழி இன்னும் ஆழமானது. கேட்டால் ‘உங்க அம்மா பாடி ஸ்லோவா ரெஸ்பாண்ட் பண்ணுது’ என்றார்கள். மீதிப் பணத்தைக் கட்டச் சொன்ன நாளில் என்னிடம் கட்டப் பணம் இல்லை. அந்த ஒரு காரணத்தால்தான் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம்.

ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு, கை அறுவை சிகிச்சைக்கு இந்தியா முழுக்கப் பெயர்பெற்றது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி கட்டி வளர்த்த துறை. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறோமே என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு அடைத்தது. எங்களைப் பார்த்த டாக்டர் முதலில் புண்ணைத் தொடவில்லை. கணுக்காலில் விரல் வைத்து நாடி பார்த்தார். கையடக்க டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்டார். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்த்தார். அந்த எண் 0.9-க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் எண் பொய்யாக ஏறியும் காட்டும், அதனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்றார். பிறகு ஒரு மெல்லிய நைலான் இழையை, வளையும் அளவுக்குப் பாதத்தின் பல இடங்களில் அழுத்தினார். 10 கிராம் அழுத்தம். அம்மா கண்ணை மூடியபடி, “எப்ப தொடுவீங்க சாமி?” என்று கேட்டார். அதற்குள் நாலைந்து இடத்தில் தொட்டாகிவிட்டது. அடுத்து ஒரு கம்பியை உள்ளங்கால் குழிக்குள் விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். நல்லவேளை, எலும்புக்குக் கிருமி போகவில்லை. ரத்த ஓட்டமும் போதுமான அளவு இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 11-ஐத் தாண்டியிருந்தது.

“ரத்தம் வருது, எலும்பு நல்லா இருக்கு, அப்புறம் ஏம்மா ஆறல? சர்க்கரை ஏறியிருக்கு, செத்த சதை உள்ள இருக்கு, இவங்க நடந்துக்கிட்டே இருக்காங்க. இந்த மூணையும் சரி பண்ணாம மேல எதைக் கொட்டினாலும் வீண்” என்றார் டாக்டர். நான் அதுவரை செலவழித்த எல்லாவற்றுக்கும் அந்த மூன்று வாக்கியத்தில் பதில் இருந்தது.

இங்கே ஒரு விஷயம். சர்க்கரைப் புண்ணுக்கு முறையாகச் சிகிச்சை செய்தும் நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், அதே சிகிச்சையைத் தொடர்ந்தால் ஆறும் வாய்ப்பு குறைவு. காரணத்தைத் தேட வேண்டும், வழியை மாற்ற வேண்டும். அதற்கு ஒரே வழி அளந்து வைப்பது. வாரத்துக்கு ஒருநாள், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து, ஒரே தூரத்திலிருந்து போனில் படம் எடுத்து வையுங்கள். ‘நல்லா ஆறிட்டு வருது’ என்று யார் சொன்னாலும் போன வாரப் படத்தை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

அம்மாவை அட்மிட் செய்தார்கள். இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில் செத்த சதையைச் சுத்தமாக எடுத்த பிறகு வேக் டிரஸ்ஸிங். புண்ணுக்குள் ஸ்பாஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் வழியாக மெஷின் கசிவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்த நாளில் நான் பார்த்த சிவப்பை மறக்க முடியாது. மஞ்சள் படலம் போய், சின்னச் சின்ன மணிகளாகப் புதுச் சதை. சிஸ்டர் காஸை வைத்து ஒற்றினதும் பளிச்சென்று ரத்தம் வந்தது. “இப்படி ரத்தம் வந்தா சந்தோஷப்படணும்மா” என்றார் சிஸ்டர்.

அதன்மேல் கொலாஜன் ஷீட் வைத்தார்கள். நனைத்த அப்பளம் மாதிரி மெல்லிசாக, பாதி ஊடுருவித் தெரிகிற ஒரு தாள். எங்களுக்கு வந்தது ஆல்கஹால் கலந்த திரவத்தில் மூழ்கி, உறைக்குள் ஈரமாக இருந்தது. சிஸ்டர் சலைனில் அதை நன்றாக அலசி, புண்ணின் ஓரத்துக்குச் சரியாக வெட்டி, அடியில் காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் தடவி ஒட்டினார். அலசாமல் வைக்கக்கூடாது, கிருமி இருக்கும் புண்ணிலும் வைக்கக்கூடாது, அடியில் சீழ் கட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். வீட்டில் வந்து டிரஸ்ஸிங் செய்பவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த ஷீட்டுகள் பெரும்பாலும் மாட்டுத் தோல், திசுக்களிலிருந்து வரும் கொலாஜன் புரதத்தில் செய்பவை. அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள். கொலாஜன் ஆராய்ச்சியில் நம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு என்று பிறகு படித்தபோது பெருமையாக இருந்தது.

இந்த ஷீட்டில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. புதுச் செல்கள் பிடித்து ஏறி வளர, கட்டடத்துக்குக் கட்டுவது மாதிரி ஒரு சாரம் கட்டிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஏறி வர வேண்டிய செல் நோயாளியின் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். 1981-ல் பர்க், யானஸ் என்ற இருவர் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்துச் செயற்கைத் தோல் செய்து, தீக்காயக்காரர்களுக்கு வைத்ததும் இதே அடிப்படையில்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி உருவாக்கிய சாரத்துக்கு 2023-ல் நம் நாட்டில் ஒப்புதல் கிடைத்தது. இப்படிப்பட்டவற்றை யாராவது உங்களிடம் ‘ஸ்டெம் செல் ஷீட்’ என்று விற்றால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் தோலுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையே இல்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. நம் தோலின் அடிவரிசையிலும் முடிவேர்க்கால்களிலும் ஸ்டெம் செல்கள் இயல்பாகவே இருக்கின்றன. மேலோட்டமான சிராய்ப்பு சீக்கிரம் ஆறுவது அதனால்தான். அடிவரைக்கும் தோல் போய்விட்டால் ஓரத்திலிருந்து மட்டும்தான் மூடிக்கொண்டு வர முடியும், அதனால் பெரிய புண் மாதக்கணக்கில் இழுக்கும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணில் வைக்கும்போது அந்தச் செல்களும் சேர்ந்தே வருகின்றன. எடுத்த இடத்தில் வேர்க்கால்கள் மிச்சம் இருப்பதால் தொடை தானாக ஆறிவிடுகிறது. “நீங்க தேடின ஸ்டெம் செல் உங்க அம்மா தொடையிலதாம்மா இருக்கு” என்றார்.

லேபில் வளர்க்கும் முறையும் நிஜம்தான். 1975-ல் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற விஞ்ஞானிகள் மனிதத் தோல் செல்களைத் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். 2017-ல் ஜெர்மனியில், தோல் உரிந்துபோகும் பரம்பரை நோயால் சாகக் கிடந்த சிரியாக் குடும்பத்துச் சிறுவனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை உடம்பில் 80 சதவீதம் அளவுக்கு வைத்துக் காப்பாற்றியதாக அறிவித்தார்கள். ஆனால் அதற்குத் துண்டுத் தோல் எடுக்க வேண்டும், சிறப்பு ஆய்வகம் வேண்டும், வளர்க்கவே வாரக்கணக்கில் ஆகும். காலையில் ரத்தம் எடுத்து, டீ குடிப்பதற்குள் ஊசியில் கொண்டுவருவது இது இல்லை.

விதிமுறையும் தெளிவாகத்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று சிகிச்சைதான் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. முறையாக அனுமதி பெற்ற ஆய்வில்தான் கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. ரத்தக் குழாய் அடைத்துக் கால் அழுகும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு 2020-ல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. அதுவும் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதியோடு வருகிற மருந்து. அதனால் உங்களிடம் யாராவது ஸ்டெம் செல் என்றால், எங்கிருந்து எடுத்தது, எந்த லேபில் வளர்த்தது, குப்பி லேபிளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் எல்லாம் அந்த இணையப் பதிவேட்டில் இருக்க வேண்டும், நீங்களே போனில் தேடிப் பார்க்கலாம். கையெழுத்து வாங்கும் தாள் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் உட்காராதீர்கள்.

அம்மாவுக்கு மேல்பாதத்தில் தோல் வைத்தார்கள். அந்தத் தோலில் துளைகள் போட்டு விரித்து வைத்திருந்தார்கள், அடியில் சேரும் நீர் அந்த வழியாக வெளியே வந்துவிடும். முதல் சில நாட்கள் கால் அசையவே கூடாது, தோல் கீழேயிருக்கும் சதையோடு ஒட்டி ரத்தம் பிடிக்க வேண்டும். கட்டுப் பிரிக்கும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிரித்தபோது ஓரத்தில் ஒரு சின்ன இடம் தவிர மற்றதெல்லாம் பிடித்திருந்தது. தொடையில்தான் வலி அதிகம், அதை முன்பே நோயாளியிடம் சொல்லி வையுங்கள். அங்கே வைத்த பாரஃபின் துணியைப் பிய்த்து எடுக்கக்கூடாது, ஆறும்போது தானாகக் கழன்று வரும்.

உள்ளங்கால் குழிக்குத் தோல் வைக்கவில்லை. அதற்கு மாவுக்கட்டு. எலும்பு உடையாத காலுக்கு எதற்கு மாவுக்கட்டு என்று அம்மா அடம் பிடித்தார். உடம்பு எடை புண்ணின்மேல் விழாமல் கால் முழுவதும் பரவுவதற்காகத்தான். கொல்லிமலையில் வளர்ந்து, வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற பாதத்துப் புண்களுக்கு இந்தக் கட்டைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். 1,25,000 ரூபாய் ஊசி செய்யாததை மாவுக்கட்டு செய்தது. கட்டு மாற்ற மாற்றக் குழி மேலே வந்து மூடியது. ரத்த ஓட்டம் மோசமாக உள்ளவர்களுக்கும் கிருமி தீவிரமாக உள்ளவர்களுக்கும் இதைப் போட முடியாது, அதனால் பரிசோதனை முடியாமல் நீங்களாகக் கேட்டுப் போட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெளியே வாங்கிய சில பொருள், ஆட்டோ, சாப்பாடு, என் சம்பளப் பிடித்தம் இவைதான் செலவு. தனியாரிடம் போகிறவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அந்தக் கிளினிக்கை நான் விடவில்லை. சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. ரிஜிஸ்டர்டு போஸ்டில் கேட்டேன், வந்தது ஒற்றைத் தாள். அதிலும் ஸ்டெம் செல் என்ற வார்த்தையே இல்லை. அந்தத் தாள், பில், கவுன்சலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சிகிச்சைக்குக் கட்டின பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் அந்த வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அம்மா திரும்ப வியாபாரத்துக்குப் போகிறார். ஏலத்துக்கு நான் விடுவதில்லை, சித்தி எடுத்துக் கொடுக்கிறார். காலில் எம்சிஆர் என்ற மென்மையான ரப்பர் செருப்பு, அதற்குள் பாத அளவெடுத்துச் செய்த மெத்தை. ஒட்டுத் தோலில் எண்ணெய்ப் பசை சுரக்காது என்பதால் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம், விரல் இடுக்கில் மட்டும் தடவுவதில்லை. ஆறின சர்க்கரைப் புண் ஒரு வருடத்துக்குள் பத்தில் நாலு பேருக்குத் திரும்ப வருகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ராத்திரி படுக்கும் முன் டார்ச் அடித்து அம்மாவின் இரண்டு உள்ளங்கால்களையும் பார்க்கிறேன், தொட்டுச் சூடு பார்க்கிறேன். போன மாதம் இடது குதிகாலில் ஒரு வெடிப்பு தெரிந்தது. மறுநாளே ஸ்டான்லிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டோம்.